கரகத்தன்று வந்த தண்ணீர்

களப்பரிசோதனைக்குப் போகிற இடத்தில் உங்களுக்கு மாலை போட்டால், தம்பி தங்கச்சிகளே, கொஞ்சம் பயப்படுங்கள். மாலையைக் கழற்றச் சொல்லவில்லை. அன்பாகப் போட்டது, கழுத்திலேயே கிடக்கட்டும். ஆனால் மாலை போடுகிற நாளில் எந்த இடமும் தன் அன்றாட முகத்தைக் காட்டாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்குப் பொறியியலாளரின் ஒழுக்கநெறி பற்றியும் நிலைபேறான அபிவிருத்தி பற்றியும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டுமே பெரிய சொற்கள். பெரிய சொற்களைக் கேட்டால் எனக்கு உட்கார முடியாது, எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. நானுஓயாவில் என் வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு, நடுநடுவே வந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

நாடு முழுக்க மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த காலம். கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியார் கம்பெனி ஒன்று சிறிய நீர்மின் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. மலையின் மேலே ஓடையின் குறுக்கே ஒரு குட்டி அணை. அங்கிருந்து தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, குழாயில் இறக்கி, கீழே பவர் ஹவுசில் மின்சாரம் எடுத்துவிட்டு, மறுபடி அதே ஓடையில் விடுவார்கள். புகை இல்லை, நிலக்கரி இல்லை. எனக்கு இந்தத் திட்டங்கள் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை அபிவிருத்திக்கு எதிரி என்று யாரும் எண்ணக்கூடாது.

ஒன்று மட்டும் நிபந்தனை. அணைக்கும் பவர் ஹவுசுக்கும் நடுவில் இருக்கிற ஓடையைக் காயவிடக் கூடாது, எந்த நாளும் ஒரு பங்கு தண்ணீர் அதில் ஓட வேண்டும். அந்த நடுத்துண்டின் கரையில்தான் தோட்டத்தின் கீழ் டிவிசன் லயங்கள், தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், இருந்தன. குளிப்பது, துணி அலசுவது, மாட்டைக் கழுவுவது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். கம்பெனி இரண்டாவது இயந்திரம் ஒன்று போட அனுமதி கேட்டது. நிபந்தனைப்படி ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய அரசாங்கப் பொறியியலாளர் நான்.

எங்கள் பணிப்பாளர் சிங்களவர், நல்ல மனுசன். வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டி அழைத்திருக்கிறது, அன்றைக்கே போனால் மக்களையும் பார்த்த மாதிரி, ஓடையையும் பார்த்த மாதிரி என்று அவர் நாள் குறித்துவிட்டார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஒரு ஜீப், ஒரு பயணம், இரண்டு வேலை. நானும் சரி என்றுதான் ஏறி உட்கார்ந்தேன்.

தப்புமேளம் அடித்து வரவேற்றார்கள். மாலை, சந்தனம், குங்குமம். நான் டிக்கோயாப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், இருந்தாலும் குங்குமத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. கோயிலைச் சுற்றிக் கலர் பல்புகள், எல்லாம் கம்பெனியின் உபயம் என்று ஒரு பெரிய பேனர் சொன்னது. பணிப்பாளரையும் கம்பெனி மேனேஜரையும் பந்தலில் உட்கார வைத்துத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்கள். கரகம் பாலிக்கக் கீழே ஓடைக்குப் போகிறார்கள், பூசை முடிகிற நேரத்தில் உங்களைக் கூட்டிப்போவோம் என்றார் தோட்டத் தலைவர். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டியும் அவர்தான். கரகம் பாலிப்பது தெரியும்தானே? ஓடைக்கரையில் பூசை வைத்து, செம்பில் ஓடைத் தண்ணீர் நிரப்பி, பூவால் அலங்கரித்து, அம்மனாகவே தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவருவது.

எனக்கு உட்கார முடியவில்லை என்றேனே. வடையைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்களோடு பெண்ணாகக் கீழே இறங்கிவிட்டேன். என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தவள் செல்வமணி, கொழுந்து பறிக்கிறவள், என்னைவிட இளையவள். கரகம் தூக்குவது அவள் தம்பி ராஜேந்திரன். விரதம் இருந்து இளைத்துப்போயிருக்கிறான், வழுக்குகிற பாதையில் சுமந்து ஏறணுமே என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டே வந்தாள்.

ஓடைக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீர் இல்லை. கல்லும் மணலும், ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தேங்கின தண்ணீரும். கற்களுக்கு நடுவில் காசித்தும்பை பூத்திருந்தது. ஓடுகிற தண்ணீரில் காசித்தும்பை முளைக்காது. முளைத்து, வளர்ந்து, பூக்கிற அளவுக்கு அந்த இடம் காய்ந்து கிடந்திருக்கிறது. பூசாரியும் ராஜேந்திரனும் தப்பு அடிக்கிறவர்களும் அந்தக் காய்ந்த ஓடைக்குள்ளேயே நின்று பூசையைத் தொடங்கினார்கள். நானும் இறங்கி ஒரு கல்லில் நின்றேன்.

செல்வமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கிட்டு ஏறி வாங்க மிஸ். தண்ணி வரப்போகுது."

எனக்குப் புரியவில்லை. கரையில் ஏறி நின்றேன். பூசாரி கற்பூரத்தைச் சுற்றினார், தப்பு வேகமெடுத்தது, எல்லாரும் மேல்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சத்தம் வந்தது. பிறகு வளைவைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வந்தது, குப்பையும் சருகும் நுரையுமாக. அரோகரா என்று மலையே அதிரக் கத்தினார்கள். சிலர் அழுதார்கள். சிலருக்கு அருள் வந்தது. நான் மட்டும் கத்தவில்லை, ஏனென்றால் அது என்ன என்று எனக்குத் தெரியும். மேலே அணையின் அடியில் இருக்கிற இரும்புக் கதவை யாரோ மொத்தமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அந்த வருடம் கொஞ்சம் தாராளமாகவே திறந்திருக்க வேண்டும். தண்ணீர் ராஜேந்திரனை முழங்காலுக்கு மேல் அடித்தது. அவன் விழுந்தான். பக்கத்தில் நின்றவர்கள் செம்பைப் பிடித்தார்களே தவிர அவனைப் பிடிக்கவில்லை. செல்வமணி என் கையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள்.

எழுந்துவிட்டான். கணுக்காலில் ரத்தம், முகத்தில் சிரிப்பு. ஆத்தா என்னைத் தள்ளிப் பார்க்கிறா என்றான், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் தலை கல்லில் பட்டிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

தலைவர் மேலே போய் விருந்தாளிகளை அழைத்து வந்தார். வந்தவர்கள் பார்த்தது பாறைகளில் மோதிப் பாய்கிற அழகான ஓடையை. காசித்தும்பை எல்லாம் தண்ணீருக்கு அடியில் பூவோடு தலை சாய்த்து நின்றது. அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் தலைவரை ஒதுக்கிக் கூட்டிப்போய், ஜனங்களை இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டேன். படித்த திமிர், வேறென்ன. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி இருந்தது.

"யாரு ஏமாந்தது? மேல கதவு தொறக்குறாங்கன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும் மிஸ். வருசத்துல ஒரு நாள் எங்க ஆத்துல தண்ணி வருது. வந்தா அது ஆத்தாதான். யாரு தொறந்தா என்னாங்க?"

எந்த வகுப்பிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பணிப்பாளர் ஜீப்பின் முன்பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துப் பேனாவை நீட்டினார். திங்கட்கிழமை அமைச்சில் கூட்டம், அனுமதி கையில் இல்லாமல் அவர் போக முடியாது. கம்பெனி மேனேஜர் பக்கத்தில் நின்றார். நீதான் கண்ணால் தண்ணீரைப் பார்த்தாயே, பிறகு என்ன தயக்கம் என்று பணிப்பாளர் கேட்டார்.

"தண்ணி இருக்கிறதைப் பார்த்தேன் சேர். வந்ததையும் பார்த்தேன்," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மக்கு இல்லை. என்னை நாலு எட்டுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் திட்டினார். ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் இல்லை, பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படிக்கிறார்கள், நீ ஒரு ஓடைத் துண்டுக்காக நிற்கிறாய் என்றார். அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவன் சொல்கிற பொய்யை எதிர்ப்பது ஒரு பெரிய காரியமே இல்லை, பிள்ளைகளே. நல்லவர் ஒருவர், உங்களை வளர்த்துவிட்டவர், உண்மையைச் சொல்லி அவசரப்படுத்துவார். அப்போதுதான் கை தானாகப் பேனாவை வாங்கப் பார்க்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: திருவிழா இல்லாத ஒரு நாளில் நான் தனியாக வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன். திங்களுக்குள் எழுதிவிடு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. ஓடை மறுபடி கல்லும் மணலுமாகக் கிடந்தது, காசித்தும்பை சேறு பூசிக்கொண்டு நிமிரப் பார்த்தது. மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்த செல்வமணி, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல் டிவிசனுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அங்கே இருக்கிற பீலியில் குழாய்த் தண்ணீர் மாதிரி எந்நேரமும் ஊற்றுத் தண்ணீர் விழும். ஆனால் மேல் டிவிசன்காரர்கள் முடித்த பிறகுதான் கீழ் டிவிசன்காரர்களுக்கு முறை. தினமும் சண்டை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு, இருட்டுகிற நேரத்தில் ஈரத்துணியோடு இறங்கி வர வேண்டும். நானும் அவளோடு ஏறினேன், ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

எழுத வேண்டாம் என்று அவள்தான் என்னிடம் கேட்டாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க மிஸ். அவங்க லைட்டையும் நிப்பாட்டுவாங்க, கரகத்தன்னிக்குத் தண்ணியும் உடமாட்டாங்க. இருக்கிற ஒரு நாளும் போயிரும். பெறகு நாங்க யாருக்கிட்ட போய்க் கேக்குறது?"

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒழுக்கநெறி என்று புத்தகத்தில் படிக்கும்போது, உண்மையை எழுதுகிறவனுக்குத்தான் நட்டம் வரும் என்பது போல எழுதியிருப்பார்கள். வேலை போகும், பதவி உயர்வு போகும், அவன் தாங்கிக்கொள்வான். பொய். உண்மையை எழுதுகிறவள் நானுஓயாவில் வீட்டில் இருப்பாள். நட்டம் கீழ் டிவிசனில் விடியும். இதை யோசிக்காமல் எழுதுகிற உண்மை அரை உண்மைதான். அதற்காக எழுதாமல் விடவும் முடியாது. எழுதாவிட்டால் இரண்டாவது இயந்திரம் வரும், பள்ளத்தில் தேங்குகிற தண்ணீரும் போகும், கதவு மட்டும் வருடா வருடம் திறக்கும், ஒரு நாள் ராஜேந்திரன் எழுந்திருக்க மாட்டான்.

எழுதினேன். ஓடை காய்ந்திருக்கிறது, இரண்டாவது இயந்திரம் கூடாது என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை. அணையில் மூடவே முடியாத ஒரு துவாரம் போட வேண்டும், கதவோ பலகையோ எதுவும் அதற்கு இருக்கக்கூடாது, யார் மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் தண்ணீர் அதன் பாட்டில் ஓட வேண்டும் என்று எழுதினேன். இரும்புக் கதவை எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் திறக்கக் கூடாது என்றும் எழுதினேன். இளையவர்களே, மனிதர்களின் நல்ல மனதை நம்பி ஒரு ஓடையை ஒப்படைக்காதீர்கள். நல்ல மனது மேனேஜரோடு மாறிப்போகும். கொங்கிறீட்டில் போட்ட ஓட்டை மாறாது.

பணிப்பாளர் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அங்கே எனக்காகப் பேசினார் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது இயந்திரம் வரவில்லை, துவாரம் போட்டார்கள். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் நாள் முழுக்க ஓடத் தொடங்கியது. செல்வமணி சொன்னபடியே எல்லாம் நடந்தது. கம்பெனி கோயிலுக்குப் பல்பு போடுவதை நிறுத்தியது, பேனரைக் கழற்றியது, இனிக் கரகத்துக்குக் கதவைத் திறக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. தலைவர் எனக்குப் போன் பண்ணி, ஒரு கை தண்ணிக்கு ஆத்தாவையே வித்துட்டீங்களே மிஸ் என்றார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த திருவிழாவுக்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். அழைப்பு வரவில்லை. ஆனாலும் போனேன், மனசு கேட்கவில்லை. மாலை இல்லை, தப்பு இல்லை. பஸ்ஸில் இறங்கி நேராக ஓடைக்கு இறங்கினேன். தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது, கற்களில் பாசி பிடித்திருந்தது, காசித்தும்பை கரைக்கு ஏறிவிட்டது. ஒரு நிமிசம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மேல்பக்கம் வளைவைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

உரச் சாக்குகளில் மணல் நிரப்பி, ஓடைக்குக் குறுக்கே அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் என் இடுப்பளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. ராஜேந்திரனின் கூட்டாளிகள் மேலே இன்னும் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிகிற நேரத்தில் நடுச் சாக்கை உருவிவிடுவார்களாம். கீழே வழக்கம்போல் ஓடைக்குள் நின்றுதான் பூசை.

என் வாழ்நாளில் அப்படிக் கத்தினதில்லை. அறிவிருக்கா உங்களுக்கு, இதுக்காடா நான் எழுதிக் கொடுத்தேன், உங்க உசிரு போறதுக்கா என்று கத்தினேன். பையன்கள் பயந்து நின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டுச் செல்வமணி ஓடி வந்தாள். அவள் பயப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"தண்ணி நீங்க வாங்கிக் குடுத்தது மிஸ். நாங்க இல்லேன்னு சொல்லலையே. தெனமும் இங்கதானே அலசுறோம். ஆனா ஆத்தா வர்ற தண்ணிய யாராச்சும் தொறக்கணும்ல? இத்தன வருசம் கம்பெனிக்காரன் தொறந்தான். இப்ப நாங்க தொறக்குறோம்."

நான் சாக்குகளைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். கையில் அதிகாரம் இல்லை, ஓய்வுபெற்றவள். போலீசுக்குச் சொல்லலாம். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லலாம். இரண்டையும் செய்தால் அடுத்த வருடம் எனக்குத் தெரியாமல் கட்டுவார்கள், இன்னும் உயரமாகக் கட்டுவார்கள். நியாயமான ஆசையைத் தடுக்கப் போனால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் வளரும். பாதுகாப்பாக நிறைவேற்றிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதும் பொறியியல்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். மேல் வரிசைச் சாக்குகளை எடுக்க வைத்தேன், தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடிகிற வரை. கரையோரமாக உருவச் சொன்னேன், நடுவில் உருவினால் மொத்தமும் ஒரே அடியாகப் போகும் என்று காட்டினேன். பூசையைக் கரையில் இருக்கிற பாறைக்கு மாற்றச் சொன்னேன். அதற்குப் பூசாரி சம்மதிக்கவில்லை, தலைவர் அவரோடு பேசப் போனார். என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டேதான் போனார், ஆனால் பேசிச் சம்மதிக்க வைத்தார். கடைசியாகக் கோயில் கைமணியை எடுத்து வரச் சொன்னேன். வளைவில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் ஒருவன் மணியோடு நிற்க வேண்டும். கீழே ஓடைக்குள் ஒரு உயிர்கூட இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் சாக்கை உருவ வேண்டும். மூன்று தரம் ஒத்திகை பார்க்க வைத்தேன். காலையில் வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்க வைக்கிற கங்காணி மாதிரி இருக்கிறேன் என்று பையன்கள் கேலி பண்ணினார்கள்.

மணி அடித்தது. தண்ணீர் வந்தது. போன வருடத்துத் தண்ணீரில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் சத்தம் குறையவில்லை. ராஜேந்திரன் பாறையில் நின்றபடியே குனிந்து செம்பை நிரப்பினான், விழவில்லை. செல்வமணி என் கையைப் பிடித்திருந்தாள், இந்த முறை விடவில்லை. வேதக்காரி நானும் அரோகரா என்று கத்தினேன். ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சாக்கு அணையை யாரும் பரிசீலிக்கவில்லை, யாரும் அனுமதி கொடுக்கவில்லை, எந்தக் கோப்பிலும் அது இல்லை. மழை கூடின வருடம் என்ன ஆகும்? பழகின பயம் குறைந்து மணியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நான் செய்தது சரியா என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் வாசலில் நடந்துகொண்டே அதைத்தான் கேட்கிறேன். ஒரு திட்டத்தில் கை வைத்தால் அது கோப்பு மூடிய அன்றோடு முடிவதில்லை, உங்களுக்குப் பின்னாலேயே வரும். அந்த அமைதியின்மையைப் போக்க மருந்து தேடாதீர்கள். அது போய்விட்ட பொறியியலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தூங்குவார்கள், அவர்கள் கட்டியதன் கீழே இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் வராது.

ஒவ்வொரு வருடமும் கொடியேறுகிற வாரத்தில் தலைவருக்குப் போன் பண்ணி நச்சரிப்பேன். சாக்கு எத்தனை வரிசை, எந்தப் பக்கம் உருவுகிறீர்கள், மணி அடிக்கப் போகிற ஆள் பொறுப்பான ஆள்தானா? போன வாரமும் கூப்பிட்டேன். மணி யாருடைய கையில் என்று வழக்கம்போல் கேட்டேன். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, செல்வமணியாகத்தான் இருக்கும்.

"ஒங்க கையிலதான் மிஸ். கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். வெள்ளன வந்து சேருங்க."